சால்னாவில் பூசணிக்காய்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் மாடி வீட்டு ஆபாவைப் பார்த்ததில்லை. அவர் மறைத்தார். சோற்றில் மட்டுமில்லை, சால்னாவில், ரொட்டியில், தோசை மாவில், ஒரு தடவை ரவா கேசரியிலும் மறைத்தார். அந்தக் கேசரியை அவருடைய கணவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்ல நெய் என்று பாராட்டினார்.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவரை ஆபா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. வீடு அவர்களுடையது. மாடியில் அவர்கள், கீழே வாடகைக்கு நாங்கள். நாங்கள் என்றால் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்த அம்மாவும் நானும். அப்பாவுக்கு வேலூரில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அங்கே குடிபோனோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மா ஆபீசிலிருந்து திரும்பும் வரைக்கும் எனக்கு மாடிதான்.

ஆபா குள்ளம். மூக்குக் கண்ணாடி எப்போதும் பாதி மூக்கில் நிற்கும். கை கழுவிக் கழுவிச் சேலை முந்தானை ஈரமாகவே இருக்கும். அவருடைய கணவரைத் தெரு முழுக்கப் பாய் என்று கூப்பிட்டது. போளூர் ரோட்டில் பீரோ பட்டறை வைத்திருந்தார். தகடு அடித்து அடித்து அவர் குரலும் தகட்டுச் சத்தமாகவே ஆகிவிட்டிருந்தது. பாய்க்கு ஒரு பெருமை உண்டு. பிறந்ததிலிருந்து காய் தொட்டதில்லை என்பதுதான் அது.

"ஆடு எல தழயெல்லாம் தின்னுது. நான் ஆட்டத் தின்னுறேன். அப்புறம் நான் எதுக்குத் தனியா எல திங்கணும்?" என்பார்.

பட்டறைக்கு யார் வந்தாலும் மார்பைத் தட்டிக் காட்டுவார். ஐம்பது வயதாகிறது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, டாக்டரே அசந்துபோகிறார் என்பார். வீட்டில் குழம்பு ருசித்தால், நல்ல கறியாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் என்று கறிக்கடைக்காரரைத்தான் புகழ்வார். இரண்டு பையன்களும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவர்கள். குழம்பில் ஒரு கத்தரிக்காய்த் துண்டு மிதந்தால் செத்த பூச்சியை எடுப்பதுபோல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள். இந்த மூன்று பேருக்குள்ளும் தினமும் கால் கிலோ காயாவது போய்க்கொண்டிருந்தது என்பது அந்த வீட்டில் ஆபாவைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இனிமேல் சொல்லப்போவதெல்லாம் பிற்பாடு அவரே சொல்லித் தெரிந்துகொண்டது.

சுரைக்காயைத் துருவி, உப்புப் போட்டுப் பிசறி, துணியில் கட்டிப் பிழிந்துவிடுவார். கொத்திய இறைச்சியோடு, அதாவது கைமாவோடு, அது சேர்ந்துவிட்டால் விதைத்தவனுக்கே அடையாளம் தெரியாது. வெள்ளைப் பூசணியை வேகவைத்து அரைத்து சால்னாவில் விடுவார். பசலைக்கீரை ரொட்டி மாவுக்குள் போகும். சௌசௌ தோசை மாவுக்குள் போகும். பாய் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் துருவுவதற்கு நல்ல நேரம். "கண்ணுக்குத் தெரியாத காய் கசக்காது" என்று அடிக்கடி தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நான் அதை ஏதோ பழமொழி என்று நினைத்து ஒரு கட்டுரையில் எழுதி, தமிழ் டீச்சரிடம் பேச்சு வாங்கினேன்.

சமையலோடு வேலை முடிந்துவிடவில்லை. கீரைக்காரம்மா மாடியைப் பார்த்துக் கூவக் கூடாது, எங்கள் வாசலில்தான் கூவ வேண்டும் என்று ஒப்பந்தம். உழவர் சந்தையிலிருந்து வரும் பையில் மேலாக பிரெட்டும் முட்டையும் இருக்கும், நூல்கோல் அடியில் இருக்கும். தோலும் காம்பும் மாடியிலிருந்து எங்கள் வீட்டுக் கூடைக்கு இறங்கிவிடும். பால்காரர் அதை மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போவார். அம்மா ஒரு நாள் கூடையைப் பார்த்துவிட்டு, மாடியில் என்ன மாடா வளர்க்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

இப்படிப்பட்ட தொழிலுக்கு வாயும் வேண்டும். ஆபாவுக்கு அது இருந்தது. ஒரு நாள் சின்னப் பையன் ரொட்டியைப் பிய்த்து, உள்ளே இருந்த பச்சையை உருவி எடுத்து, இது இன்னா என்று கேட்டான். கொத்தமல்லி என்றார் ஆபா. இவ்வளவு பெரிதாகவா என்றான் அவன்.

"இந்த வருஷம் மழ ஜாஸ்தி. கொத்தமல்லி பெருசாத்தான் வளரும்" என்றார், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொரு சமயம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சால்னா தண்ணீராக இருந்ததாம். பாய் நேராகச் சமையல்காரரிடம் போய், என் வீட்டில் வந்து கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் நிஜமாகவே மறுநாள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். ஆபா தேங்காய், முந்திரி, கசகசா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தச் சமையல்காரர் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, இந்த அம்மா ஏதோ ஒன்றை மறைக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது சரிதான்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எங்கள் வீடு சைவம். முட்டைகூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. சைவ வீட்டில் பிறந்த பெண் காயும் சாப்பிட மாட்டேன் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? தயிர்சாதமும் அப்பளமும்தான். அம்மா டிபன் டப்பாவில் வைத்து அனுப்பும் பீன்ஸ் பொரியலையும் கோஸ் பொரியலையும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டிவிடுவேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் காலைப் பிரேயரில் மயங்கி விழுந்தேன். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மி என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆபா கீழே இறங்கி வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பீன்ஸ் தோட்டமே முளைக்கப்போகிறது என்று என்னைக் காட்டிக்கொடுத்தார். பிறகு, இவள் சாயங்காலத்தில் சாப்பிடுவதை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்.  அம்மா யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் பாட்டிலோடு போகிறவள். ஆபாவுக்கு அது தெரியும்.

"உங்க பொண்ணுக்குன்னு தனி வாணலி, தனி கரண்டி வாங்கிட்டேம்மா. எங்க சட்டி எதுவும் அதுல படாது. முட்டகூடக் கலக்க மாட்டேன். அல்லா மேல சத்தியமா" என்றார்.

அம்மா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

மறுநாளிலிருந்து பையன்கள் தட்டில் கைமாவைப் பிடித்துப் பொரித்த நான்கு கோலா உருண்டை இருந்தால் என் தட்டிலும் நான்கு இருந்தது. அதே அளவு, அதே நிறம், அதே மொறுமொறுப்பு. வாயில் போட்டதும் சோம்பும் பட்டையும் மணக்க, உள்ளே மெத்தென்று கரைந்தது. உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அப்போது சின்னப் பையன், நீங்கள்தான் அசைவம் சாப்பிட மாட்டீர்களே, நீ மட்டும் கைமா சாப்பிடுகிறாயே என்று கேட்டான். நான் ஆபாவைப் பார்த்தேன். அவர் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சாப்டறவள சாப்ட வுடுடா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இது கைமா. இது எனக்கும் ஆபாவுக்கும் நடுவில் இருக்கிற ரகசியம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. எட்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு புரிந்தது எவ்வளவு ஆபத்து என்று ஆபாவுக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷம் சாப்பிட்டேன். பாவம் என்று நன்றாகத் தெரிந்தே சாப்பிட்டேன். பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் கூட்டிக்கொண்டு போகும்போது, எட்டு லிங்கத்திலும் நின்று எட்டு உருண்டைக்கு மன்னிப்புக் கேட்பேன். எட்டுக்குமேல் சாப்பிட்டதை என்ன செய்வது என்று தெரியாமல் வழியில் இருந்த பிள்ளையார்களிடமும் கேட்டேன். இவளுக்கு எவ்வளவு பக்தி பாருங்கள் என்று அம்மா கூட வந்தவர்களிடம் பூரித்துப்போனாள். எனக்குக் கன்னத்தில் சதை வைத்தது, முடி கறுத்தது. டானிக் நல்ல டானிக் என்று அம்மா ஆபீசில் நான்கு பேருக்கு எழுதிக் கொடுத்தாள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். முதல் தடவை, கன்னிசாமி. அம்மா அவரைச் சாமி என்றாள், நானும் சாமி என்றேன். வீட்டில் படுக்கை, தலையணை எல்லாம் தனி, அடுப்பு சுத்தம், பேச்சு சுத்தம். மாடிப் பாய்கூட எங்களுக்காக மொட்டைமாடிக் குழாயில் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டார். சாமி மலையேறிவிட்டு வரட்டும், அதுவரைக்கும் கடையிலேயே கழுவி வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே வந்து சொன்னார். இத்தனை பேர் இத்தனை சுத்தமாக இருக்க, நான் ஒருத்தி மட்டும் மாடியில் உட்கார்ந்து கைமா தின்றுகொண்டிருந்தேன். வயிற்று வலி என்று சொல்லி மூன்று நாள் தள்ளிப் பார்த்தேன். ஆபா ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான்காம் நாள் வாசனை தாங்காமல் ஆறு உருண்டை சாப்பிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருத்தி, வீட்டில் யாராவது விரதம் கெடுத்தால் காட்டுப் பாதையில் சாமியை யானை துரத்தும் என்று சொல்லியிருந்தாள். இருமுடி கட்டுகிற நாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபா வீட்டில் நான் மூன்று வருஷமாகக் கைமா சாப்பிடுகிறேன், சாமியை யானை மிதித்துவிடும் என்று சொல்லி அழுதேன்.

அம்மாவின் கை நின்றது. ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரித்த தலையோடு என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பாயும் பையன்களும் ரொட்டியும் கோலாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"உங்கள நம்பித்தான ஆபா விட்டேன். சத்தியம் பண்ணிங்களே" என்றாள். "கைமா குடுத்திங்களாமே."

பாய் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாலை போட்ட வீட்டுக் குழந்தைக்கு இதைக் கொடுத்தாயா என்று கேட்டார். ஆபா இல்லை என்றார். பெரிய பையன், பொய் சொல்லத் தெரியாதவன், நேரம் காலம் தெரியாமல் வாயைத் திறந்தான். அவளும் நாங்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுகிறாள், தினமும் பார்க்கிறேன் என்றான். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இந்த மாசத்தோடு காலி செய்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாக அப்புறம் சொன்னாள்.

ஆபா கணவரைப் பார்த்தார், அவருடைய தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் நடுவில் நின்றார். பதில் வராமல் அவர் நகரப்போவதில்லை.

"அவ சாப்டறது கைமா இல்லம்மா" என்றார் ஆபா. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க சாப்டறதும் பாதிதான் கைமா."

 ஆபா ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வந்து அம்மா முன்னால் தரையில் வைத்தார். ஒன்றின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதுதான் என்னுடையது. சேனைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பொட்டுக்கடலை மாவு கலந்தது. வாழைப்பூ கிடைத்தால் வாழைப்பூ. மற்றது வீட்டுக்கு, பாதி கைமா, பாதி சுரைக்காய். என் தட்டில் இருப்பது காய் என்று பையன்களிடம் சொன்னால் அவர்கள் தங்கள் தட்டையும் பிய்த்துப் பார்ப்பார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றார்.  இந்தப் பெண் இதைக் கைமா என்று நினைத்துக்கொண்டிருக்கும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார்.

அம்மா குனிந்து சிவப்பு நூல் டப்பாவைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். கொஞ்சம் எடுத்து விரலில் நசுக்கினாள். சைவச் சமையல்காரிக்குச் சேனையைத் தெரியாதா? அவள் முகத்தில் கோபம் மெல்ல இறங்கியது.

பாய் மட்டும் தட்டின் முன்னால் மறுபடியும் உட்கார்ந்து ஒரு உருண்டையைப் பிட்டு வெளிச்சத்தில் பார்த்தார்.

"நேத்து சால்னா?"

"பூசணிக்கா."

"அந்தக் கேசரி?"

"அதுவும் பூசணிக்காதான். மஞ்ச பூசணி."

"கல்யாணம் ஆயி மொத மொத ரொட்டி போட்டியே, அது?"

ஆபா கொஞ்சம் தயங்கினார். "அதுல கம்மிதான். ஒரு புடி கீர."

"அன்னைக்கேவா?" என்றார் பாய். பதினாறு வருஷத்தையும் அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து திரும்ப மென்றுகொண்டிருந்தார். பையன்கள் இரண்டு பேரும் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கீழே அப்பா, நேரமாகிறது என்று கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சிட்டேன் ஆபா" என்றாள் அம்மா. "சாமி மலைக்குப் போய்ட்டு வரட்டும். நானே வந்து உக்காந்து சாப்பிடறேன்."

அப்பாவை யானை துரத்தவில்லை. மாலை கழற்றிய மறுநாள் அம்மா தண்ணீர் பாட்டில் இல்லாமல் மாடிக்குப் போய் ஐந்து உருண்டை சாப்பிட்டாள்.

பாய்தான் பாவம். பையன்கள் மூலமாக விஷயம் பட்டறைக்குப் போய்விட்டது. பீரோ வாங்க வந்தவரெல்லாம் சுரைக்காய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒரு வாரம் அவர் வீட்டில் அவித்த முட்டையைத் தவிர எதையும் தொடவில்லை. முட்டைக்குள் எதையும் நுழைக்க முடியாது என்ற தைரியம். எட்டாம் நாள் ஆபா பூசணி போடாமல் நேர்மையாக ஒரு சால்னா வைத்தார். பாய் ஒரு வாய் தொட்டுவிட்டு, இது என்ன கழுநீர் மாதிரி இருக்கிறது, அந்தக் கருமத்தையே போட்டுத் தொலை, என் கண் முன்னால் மட்டும் அறுக்காதே என்றாராம்.

இதெல்லாம் நடந்தபோது நான் மாடிக்குப் போகவில்லை. வெட்கம். ஆபாவின் பதினாறு வருஷத்து வேலையை ஒரே அழுகையில் கெடுத்தவள் நான்தானே. பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வாசற்படியிலேயே, அம்மா வரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பத்தாம் நாளோ என்னவோ, மேலே இருந்து ஏறி வா என்று குரல் வந்தது. போனேன். ஆபா கூடத்தின் நடுவில், ஜன்னலைத் திறந்துபோட்டு, பகிரங்கமாகச் சேனைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"இத நீ கைமான்னு நெனச்சியா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"மூணு வருஷமா? பாவம்னு நெனச்சுக்கிட்டா?"

"ஆமா."

"பாவம்னு தெரிஞ்சும் ஏண்டி சாப்ட்ட?"

"நல்லா இருந்துச்சு ஆபா" என்றேன்.

ஆபா கத்தியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் முந்தானையை எடுக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இத்தன வருஷமா கறிக்கடைக்காரருக்குத்தான் பேரு போய்ட்டு இருந்துச்சு பாப்பா" என்றார் உள்ளிருந்து.